மோதிரத்துக்கு எத்தனை மாதச் சம்பளம் என்று கேட்பவர்களுக்கு

இந்த ஆவணியில் இப்படி வருவது இது மூன்றாவது ஜோடி. காரைக்குடியில் ஒரு வங்கிக் கிளையில் நகை மதிப்பீட்டாளராக இருக்கும் என் முன்னால், கல்யாணமாகி நான்கு மாதம்கூட நிறையாத ஒரு தம்பதி கடந்த வாரம் வந்து நின்றார்கள். அந்தப் பெண்ணின் விரலிலிருந்து நிச்சயதார்த்த மோதிரம் கழல மறுத்தது. கை கழுவும் தொட்டிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கழற்றி, நுரையும் ஈரமுமாக என் தட்டில் வைத்தார். அந்த மோதிரத்தை வாங்கிய கிரெடிட் கார்டு தவணையைக் கட்டுவதற்கே அதை அடகு வைக்க வந்திருக்கிறார்கள் என்பது பேச்சுவாக்கில் தெரிந்தது.

பில் தொகை 1,04,000 ரூபாய். தராசில் மொத்த எடை 4.200 கிராம். நடுவில் ஒற்றைக் கல், 30 சென்ட். கல்லின் எடைக் கணக்கில் நூறு சென்ட் ஒரு காரட், ஒரு காரட் என்பது 200 மில்லிகிராம். ஆகவே கல் எடை 60 மில்லிகிராம் போக நின்ற தங்கம் 4.140 கிராம். தங்கத்தில் காரட் என்பது எடையில்லை, தூய்மை; அதுவும் இது 18 காரட் என்பதால், 22 காரட்டுக்கு மாற்றிப் பார்த்தால் 3.387 கிராம்தான். அன்று கிராம் 9,000 ரூபாய் என்ற மதிப்பில், முக்கால் பங்கு கடன் என்ற கணக்கில், 22,800 ரூபாய் தரலாம் என்றேன். "சார், வைரத்துக்கு ஒண்ணுமே கிடையாதா?" என்று கேட்டார் கணவர். கிடையாது. நகைக்கடனில் தங்கத்துக்கு மட்டுமே மதிப்பு; கல் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அதன் எடையைக் கழிப்பதோடு எங்கள் வேலை முடிந்துவிடும். கடைசியில் அவர்கள் அடகு வைத்தது, தாய்மாமன் போட்ட அரைப் பவுன் சாதா மோதிரத்தை. 22 காரட்டைக் குறிக்கும் 916 முத்திரை, நான்கு கிராம், கடன் 27,000 ரூபாய். லட்ச ரூபாய் மோதிரம் மறுபடியும் விரலுக்கே திரும்பியது.

எனக்குக் கோபம் வந்தது மோதிரத்தின் மேல் இல்லை. அந்தப் பையன் அடுத்துச் சொன்ன வார்த்தையின் மேல். "மூணு மாசச் சம்பளத்துக்கு மோதிரம் எடுக்கணும்னு சொன்னாங்க சார்." யார் சொன்னார்கள் என்று கேட்டால் அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும், ஆகையால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உலகப் பொருளாதார மந்தத்தில் வைர விற்பனை படுத்திருந்த காலத்தில், டி பியர்ஸ் என்ற வைர நிறுவனம் 1938-இல் என். டபிள்யூ. அயர் என்ற அமெரிக்க விளம்பர நிறுவனத்தை நாடியது. வைரம் என்றென்றைக்கும் நிலைப்பது என்ற பொருளில் உலகம் முழுவதும் ஒலிக்கும் அந்த வாசகத்தை 1947-இல் எழுதியவர் அங்கே பணியாற்றிய பிரான்சிஸ் ஜெரட்டி. 1980-களில் அதே டி பியர்ஸின் விளம்பரங்கள் அமெரிக்க மாப்பிள்ளைகளுக்கு இரண்டு மாதச் சம்பளம் என்று அளவு சொல்லின. ஜப்பானில் அதையே மூன்று மாதம் ஆக்கின. சாஸ்திரத்திலும் கிடையாது, சம்பிரதாயத்திலும் கிடையாது. கல் விற்கிறவர், கல்லுக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று வாங்குகிறவருக்கே விதி எழுதிக் கொடுத்திருக்கிறார். காய்கறிக்காரர் வந்து, சம்பளத்தில் பாதியைக் கத்தரிக்காய்க்குத்தான் செலவழிக்க வேண்டும் என்று சொன்னால் நாம் ஒப்புக்கொள்வோமா?

இன்னொன்றையும் யோசியுங்கள். இந்த விதி சம்பளத்தைப் பார்க்கிறதே தவிர, அந்தச் சம்பளத்திலிருந்து போக வேண்டியவற்றைப் பார்ப்பதில்லை. மண்டபத்துக்கு முன்பணம், தங்கைக்குச் செய்ய வேண்டிய சீர், அப்பாவின் மருத்துவச் செலவு, சென்னையில் தனிக்குடித்தனத்துக்கு வீட்டு அட்வான்ஸ் என்று வரிசையாக நிற்கும்போது, 35,000 ரூபாய் சம்பளக்காரருக்கு மூன்று மாதம் என்பது வேறு, பொறுப்பு ஏதும் இல்லாதவருக்கு மூன்று மாதம் என்பது வேறு.

செட்டிநாட்டில் இந்தக் குழப்பம் நேர்வதுதான் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. நகரத்தார் கல்யாணத்தில் நடுநாயகமாக இருப்பது கழுத்துரு என்னும் பெரிய தாலியும், அதைக் கட்டும் திருப்பூட்டுச் சடங்கும். மோதிரம் மாற்றுவது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. வைரம் இந்த ஊருக்குப் புதிதில்லை. ஆச்சிமார்கள் தோட்டுக்கு 'ப்ளூ ஜாகர்' கல்லைக் கேட்டு வாங்கினார்கள். தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபொன்டைன் சுரங்கத்தின் பெயரிலிருந்து வந்த சொல் அது. ஆனால் கையில் பணம் இருந்தபோது, தெரிந்தவரை உடன் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கல்லாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து வாங்கினார்கள். கல்யாணத்தையே இசைவு பிடிமானம் என்ற ஒப்பந்தமாக எழுதிக் கையெழுத்திடுகிற வழக்கம் உள்ள ஊரில், இன்றைக்கு பில் ஆகாத வெறும் எஸ்டிமேட் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பில் இருக்கிறது என்று என்னிடம் வருகிறார்கள்.

ஆகவே தயவுசெய்து கடைக்குப் போகும் முன்பே தொகையை முடிவு செய்துவிடுங்கள். கல்யாணச் செலவையும், அதன் பிறகு ஆறு மாதக் குடும்பச் செலவையும் தாளில் எழுதி ஒதுக்கிய பிறகு ரொக்கமாக மிஞ்சுவதில், மனம் ஒப்புகிற ஒரு பகுதிதான் மோதிரத்துக்கு உரிய பணம். செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் அந்தத் தொகைக்குள் அடங்க வேண்டும். தவணையில் மட்டும் மோதிரம் வாங்காதீர்கள். பெண்ணைக் கேட்டே முடிவு செய்யுங்கள். பத்தாயிரம் ரூபாய்க்கு மெல்லிய மோதிரம் போதும் என்று நினைத்த பெண்ணுக்கு, அவரே திருப்பிக் கட்ட வேண்டிய லட்ச ரூபாயை ஆச்சரியப் பரிசாகக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பின்னாளில் பணத்துக்கு உதவ வேண்டும் என்பது நோக்கமானால், கல் இல்லாத 22 காரட் மோதிரம் எடுங்கள். அழகுக்காக வைரம் வேண்டுமென்றால் தாராளமாக வாங்குங்கள். அதைப் பட்டுப்புடவை வாங்கியதுபோல நினைத்துக்கொள்ளுங்கள், சேமிப்பு என்று கணக்கெழுதாதீர்கள். கல் வைத்த மோதிரம் 18 காரட்டில் இருப்பது ஏமாற்று வேலை இல்லை. 22 காரட் மென்மையானது, கல்லின் பிடி தளர்ந்துவிடும். ஆனால் 18 காரட் தங்கத்துக்கு 22 காரட் விலை போட்டிருக்கிறார்களா, கல்லின் எடையையும் தங்கத்தோடு சேர்த்துவிட்டார்களா என்று பில்லைப் பார்ப்பது உங்கள் வேலை. தங்கத்தின் நிகர எடையும் கல்லின் எடையும் விலையும் தனித்தனியாக இருக்க வேண்டும். மோதிரத்தின் உட்புறத்தில் பி.ஐ.எஸ். என்ற இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரை, தூய்மை எண், நகைக்கு நகை மாறும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. அடையாள எண் மூன்றும் இருக்கும், அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் அங்கேயே நின்று சரிபாருங்கள். அதற்குக் கடைக்காரர் முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆய்வகத்தில் வளர்த்த வைரமும் கரிமம்தான், வைரமேதான். விலையோ இயற்கைக் கல்லைவிட மிகக் குறைவு. வெறுங்கண்ணால் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது, கடைகளில் கல்லில் தொட்டு ஒலியெழுப்பிக் காட்டும் சிறு கருவியும் இரண்டுக்கும் ஒன்றுபோலவே ஒலிக்கும். ஆகவே எது என்பதைச் சான்றிதழிலும் பில்லிலும் எழுதி வாங்குங்கள். சிக்கனமாக ஒரு வைரம் வேண்டும் என்பவர்களுக்கு நான் அதைத் தயங்காமல் சொல்கிறேன்.

விரல் அளவை மாலையில் கொடுங்கள். காலைக் குளிர்ச்சியில் கொடுத்த அளவுக்குச் செய்த மோதிரங்களைத்தான் எங்கள் கிளையின் தொட்டியில் சோப்புப் போட்டுக் கழற்றிக்கொண்டிருக்கிறார்கள்.