வயல் இருக்கிறது, விசாவுக்கு என்ன காட்டுவது? டெல்டா குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

மன்னார்குடிப் பக்கம் ஐந்து ஏக்கர் நஞ்சையும் சொந்த வீடும் உள்ள ஒரு குடும்பத்தின் வங்கிக் கணக்கில், ஆண்டின் பல மாதங்களில் ஐம்பதாயிரம் ரூபாய்கூட இருக்காது. அதனால் அந்தக் குடும்பம் ஏழை ஆகிவிடாது. ஆனால் விசா அதிகாரி வயலை வந்து பார்க்கப்போவதில்லை. அவர் கையில் இருப்பது சில தாள்கள் மட்டுமே. தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களிலிருந்து படிக்கவோ பிள்ளைகளைப் பார்க்கவோ வெளிநாடு செல்ல விரும்புவோர், நிலத்தில் இருப்பதைத் தாளில் கொண்டுவருவதற்கே அதிக நேரம் ஒதுக்க வேண்டும்.

அதற்கு முன் எந்த விசா என்பதை முடிவு செய்யுங்கள். பலர் நாட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு, எது எளிதாகக் கிடைக்கும் என்று தேடுகிறார்கள். அங்கே போய் என்ன செய்யப்போகிறோம் என்பதுதான் விசாவின் வகையைத் தீர்மானிக்கிறது. மகளையும் மருமகனையும் பார்த்துவிட்டு வருவதற்குப் பார்வையாளர் விசா. பட்டப்படிப்புக்கு மாணவர் விசா. பார்வையாளராகப் போய் அங்கேயே மாணவராக மாறிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்த வழியை அடைத்துவிட்டது. பார்வையாளர் விசாவில் வேலைக்கு அனுப்புகிறோம் என்பவரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்கவே கூடாது. இப்படிப் போய்க் கம்போடியாவிலும் லாவோஸிலும் இணைய மோசடிக் கூடாரங்களில் சிக்கிய இளைஞர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் உண்டு. வேலைக்குத்தான் போவது என்றால் மத்திய அரசில் பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர் வழியாக மட்டும் போங்கள்.

பார்வையாளர் விசாவில் ஐரோப்பாவின் ஷெங்கன் விசா ஒன்றே 29 நாடுகளுக்குச் செல்லும். எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாட்களுக்கு மேல் தங்க முடியாது. அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாளாவது கையில் இருக்க வேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். அமெரிக்காவுக்கு பி-1/பி-2 விசா. இது பெரும்பாலும் பத்து ஆண்டுகளுக்குத் தரப்படுகிறது. பத்து ஆண்டு என்பது போய்வரும் உரிமைக்கான காலம், தங்கும் காலம் அன்று. ஒவ்வொரு முறையும் விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி குறிக்கும் தேதிவரைதான் தங்கலாம். பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும் பெற்றோர் இதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். அந்தத் தேதியைத் தாண்டி ஒரு நாள் தங்கினாலும் கையில் இருக்கும் விசா செல்லாததாகிவிடும்.

பாஸ்போர்ட்டில் பெயர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். நம் வழக்கம் முன்னெழுத்தோடு பெயர் எழுதுவது. பள்ளிச் சான்றிதழில் ‘க. செந்தில்’ என்றும், ஆதாரில் தந்தை பெயர் சேர்த்தும், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாகவும் இருந்தால் மூன்றும் ஒரே ஆள்தானா என்ற கேள்வி எழும். பாஸ்போர்ட்டில் முன்னெழுத்தை விரித்துத்தான் எழுத வேண்டும். தந்தை பெயரைக் குடும்பப் பெயராகக் கொடுத்துவிடுவது பின்னால் வரும் பல சிக்கல்களைத் தவிர்க்கும். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்கு, பார்வையாளராக வருவதில் ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. திருத்தம் தேவைப்பட்டால் கல்லூரிக்கு விண்ணப்பிப்பதற்கு முன்பே தஞ்சாவூர் பாஸ்போர்ட் சேவை மையத்தில் முடித்துவிடுங்கள். கல்லூரி அனுமதிக் கடிதம் பழைய பெயரில் வந்துவிட்டால் இரட்டை வேலை.

மாணவர் விசாவுக்கு முதல் தேவை கல்லூரி தரும் ஆவணம். அமெரிக்காவில் அதற்கு ஐ-20 என்று பெயர். அதை வைத்து மாணவர் பதிவுக் கட்டணமாக 350 டாலர் செலுத்தி, டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தை இணையத்தில் நிரப்பி, சென்னைத் துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்குச் செல்ல வேண்டும். பிரிட்டனில் அந்த ஆவணம் சிஏஎஸ். ஜெர்மனிக்குப் போகும் இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பர் முதல், இங்கே படித்த சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரப்படும் ஏபிஎஸ் சான்றிதழும் கட்டாயம். கனடா பட்டப்படிப்புக்கு மாகாண அரசின் உறுதிக் கடிதம் கேட்கிறது.

இனிப் பணம். ஒவ்வொரு நாட்டுக்கும் கணக்கு வேறு. ஜெர்மனி ஓராண்டுச் செலவுக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் போடச் சொல்கிறது. அங்கே போன பிறகு அதிலிருந்து மாதம் 992 யூரோ எடுத்துக்கொள்ளலாம். ஆஸ்திரேலியா ஓராண்டு வாழ்க்கைச் செலவாக 29,710 ஆஸ்திரேலிய டாலர் காட்டச் சொல்கிறது. கல்விக் கட்டணமும் பயணச் செலவும் அதற்கு மேல். இந்தத் தொகைகள் மாறிக்கொண்டே இருப்பவை. விண்ணப்பிக்கும் வாரத்தில் அந்தந்த நாட்டு அரசின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் பகுதிக்குக் கடினமானது பிரிட்டன் விதி. கட்ட வேண்டிய முதலாண்டுக் கட்டணமும், அதிகபட்சம் ஒன்பது மாத வாழ்க்கைச் செலவும் மாணவர் அல்லது பெற்றோர் கணக்கில் தொடர்ந்து 28 நாட்கள் இருக்க வேண்டும். அந்த 28 நாளில் ஒரு நாள்கூட இருப்பு குறையக் கூடாது. கடைசி நாள், விண்ணப்பத் தேதிக்கு 31 நாட்களுக்குள் இருக்க வேண்டும். வயல், நகை, பங்குப் பத்திரம் எதுவும் இதற்குக் கணக்கில் வராது. செப்டம்பரில் வகுப்பு தொடங்குகிறது என்றால் கோடையில் விண்ணப்பிப்பார்கள். தை, மாசியில் அறுத்த சம்பா நெல்லின் பணம் அப்போது கையில் இருக்கும். ஆனால் ஜூன் 12 மேட்டூர் அணை திறந்தால் விதை, உரம், உழவுக் கூலி என்று குறுவைச் செலவு வாசலில் வந்து நிற்கும். அந்த நேரத்தில்தான் பணத்தை அசையாமல் வைக்கச் சொல்கிறது விதி. ஆகவே படிப்புப் பணத்துக்கென்று தனிக் கணக்கு ஒன்றைச் சித்திரையிலேயே தொடங்கிவிடுங்கள். சாகுபடிச் செலவும் அந்தக் கணக்கும் ஒன்றோடொன்று கலக்க வேண்டாம்.

திடீரென்று பெருந்தொகை வரவு வைக்கப்பட்டிருந்தால் எந்த நாட்டு அதிகாரியும் மூலத்தைக் கேட்பார். இதில் டெல்டா விவசாயிக்கு ஒரு வசதி உண்டு. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கு நுகர்பொருள் வாணிபக் கழகம் நேராக வங்கிக் கணக்கில் பணம் செலுத்துகிறது. அந்த வரவும் கொள்முதல் ரசீதும் பொருந்தினால் அதைவிட நல்ல விளக்கம் வேறில்லை. ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். வியாபாரியிடம் ரொக்கத்துக்கு விற்ற நெல்லுக்கு இப்படி ஒரு தடயம் இருக்காது. வேளாண் வருமானத்துக்கு வரி இல்லை என்பதால் பலர் வருமான வரிக் கணக்கே தாக்கல் செய்திருக்க மாட்டார்கள். அவர்கள் இ-சேவை மூலம் வட்டாட்சியரின் வருமானச் சான்றிதழ் வாங்கி, பட்டா, சிட்டா, அடங்கலோடு இணைக்க வேண்டும். தமிழில் உள்ளவற்றுக்கு மொழிபெயர்ப்பாளர் கையொப்பமும் தேதியும் இட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு தேவை. அமெரிக்கா போன்ற நாடுகளில் இந்த நில ஆவணங்கள், ஊருக்குத் திரும்பி வரக் காரணம் இருக்கிறது என்பதைக் காட்டவும் உதவும்.

நிலத்தை அடகு வைத்துக் கல்விக் கடன் வாங்கிக்கொள்ளலாம் என்று எண்ணுவோர் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. ஏழரை லட்சத்துக்கு மேற்பட்ட கடனுக்கு வங்கிகள் பொதுவாகச் சொத்துப் பிணையம் கேட்கும். விவசாய நிலத்தைப் பல வங்கிகள் ஏற்பதில்லை. நீதிமன்றம் போகாமலே பிணையச் சொத்தை விற்க வங்கிக்கு வழிசெய்யும் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாததால் கடன் வராக் கடனானால் வங்கியால் அதை எளிதில் ஏலம் விட முடியாது என்பதே காரணம். வீடு, மனை, வைப்புத்தொகை ஆகியவை செல்லும். கடன் அனுமதிக் கடிதம் கைக்கு வரச் சில வாரங்கள் ஆகும் என்பதால் இதைக் கடைசியில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

நிலமே இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரு கதவு திறந்திருக்கிறது. அதைப் பற்றி ஊர்களில் போதிய பேச்சு இல்லாதது எனக்கு வருத்தம். மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை, பட்டியல் சாதி மாணவர்களோடு நிலமற்ற விவசாயத் தொழிலாளர், மரபுக் கைவினைஞர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் உரியது. முதுநிலை, ஆய்வுப் படிப்புகளுக்குக் கட்டணம், பராமரிப்புத் தொகை, விசாக் கட்டணம், விமான டிக்கெட் வரை அரசே தரும். 35 வயதுக்குள் இருக்க வேண்டும், அதற்கு முந்தைய பட்டப்படிப்பில் 60 விழுக்காடு மதிப்பெண் வேண்டும், குடும்ப ஆண்டு வருமானம் எட்டு லட்சத்தைத் தாண்டக் கூடாது. ஆண்டுக்கு 125 இடங்களே உள்ளன, அவற்றில் பெரும்பகுதி பட்டியல் சாதியினருக்கு. நாற்று நட்ட கைகளின் பிள்ளைகள் துணிந்து விண்ணப்பிக்க வேண்டும்.

இருப்பைக் கூட்டிக் காட்டுகிறேன், அனுபவச் சான்றிதழ் தயாரித்துத் தருகிறேன் என்று சொல்லும் முகவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். போலி ஆவணம் பிடிபட்டால் பிரிட்டன் 10 ஆண்டு, கனடா 5 ஆண்டு, ஆஸ்திரேலியா 3 ஆண்டு வரை கதவை மூடும். தண்டனை முகவருக்கு அல்ல, கையெழுத்துப் போட்ட பிள்ளைக்கு. படிவத்தை வேறொருவர் நிரப்பினாலும் ஒவ்வொரு வரியையும் நீங்களே படித்த பிறகு கையெழுத்திடுங்கள்.

நேர்மையாக விண்ணப்பித்தும் மறுக்கப்படலாம். அமெரிக்காவில் 214(பி) என்ற பிரிவைச் சொல்லி மறுத்தால் அது நிரந்தரத் தடை இல்லை. நீங்கள் திரும்பி வருவீர்கள் என்று அதிகாரிக்கு அன்று நம்பிக்கை வரவில்லை என்பதே அதன் பொருள். எதுவும் மாறாமல் அடுத்த வாரமே மீண்டும் விண்ணப்பித்தால் கட்டணம்தான் வீணாகும், அது திரும்ப வராது. பணத்துக்கான ஆதாரத்திலோ, படிப்பைத் தேர்ந்தெடுத்த காரணத்திலோ குறை எங்கே என்று கண்டு சரிசெய்த பிறகு போங்கள். அடுத்த படிவத்தில் ‘முன்பு விசா மறுக்கப்பட்டதுண்டா’ என்ற கேள்வி வரும்போது, எந்த நாட்டு மறுப்பாக இருந்தாலும், ‘ஆம்’ என்று குறித்துக் காரணத்தையும் எழுதுங்கள்.