மாட்டுங்கா தெருவின் அகலமும் மாடிகளின் கணக்கும்

மும்பை மாட்டுங்காவில் பழைய மூன்று மாடிக் கட்டிடம் ஒன்றை இடித்து, அங்கே இருபது மாடி எழுப்பப் போகிறார்கள் என்றால் அக்கம்பக்கத்தார் இரண்டு கேள்வி கேட்பார்கள்: தண்ணீர் வருமா? கார் எங்கே நிற்கும்? இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லத்தான் நிலப் பயன்பாட்டுத் திட்டத்தையும் போக்குவரத்துத் திட்டத்தையும் சேர்த்தே போடுகிறார்கள். ஒரு மனையில் என்ன கட்டுகிறோம் என்பதே அதன் வாசலில் எத்தனை பயணம் தொடங்கும் என்பதைத் தீர்மானிக்கிறது.

இங்கே முக்கியமான எண் எஃப்.எஸ்.ஐ. மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்பதுதான் அது. மாட்டுங்கா உள்ளிட்ட மும்பையின் பழைய தென்பகுதியான தீவு நகரத்தில் அடிப்படை அளவு 1.33. 1000 சதுர மீட்டர் மனையில் 1330 சதுர மீட்டர் கட்டலாம். வீடு ஒன்றுக்கு 70 சதுர மீட்டர் என்று வைத்தால் 19 வீடு. எஃப்.எஸ்.ஐ. 3 ஆனால் 42 வீடு. வீட்டுக்கு நாளைக்கு எட்டுப் பயணம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், 152 பயணம் 336 ஆகிறது. தெரு மட்டும் அதே அகலம்தான். பிளேக் நோய்க்குப் பிறகு 1898இல் உருவான பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட், தாழ்வான கட்டிடங்களை மனதில் வைத்துப் போட்ட தெருக்கள் இவை.

2018இல் ஒப்புதல் பெற்ற, 2034 வரைக்குமான மும்பை வளர்ச்சித் திட்டம் இதற்கு ஒரு வழி சொல்கிறது: சாலை அகலமாக இருந்தால் கூடுதல் எஃப்.எஸ்.ஐ. தீவு நகரத்தில் 27 மீட்டருக்கு மேற்பட்ட சாலைக்கு அது 3 வரை போகும். நல்ல யோசனைதான். ஆனால் 1969க்கு முந்தைய செஸ் கட்டிடங்களை (பழுதுபார்ப்புக்கான செஸ் வரி கட்டும் பழைய வாடகைக் கட்டிடங்கள்) இடித்துக் கட்டத் தனி விதி உண்டு. பழைய கட்டிடங்கள் நிறைந்த பகுதியில் விதிவிலக்கே விதியாகிவிடும் என்பது என் சந்தேகம்.

பயணம் எத்தனை என்று தெரிந்ததும் அவை எங்கே போகும், ரயிலிலா, நடந்தா, காரிலா, எந்தத் தெரு வழியாக என்று அடுத்தடுத்துக் கணக்கிடுவார்கள். கடைசிக் கேள்வியின் அருமை 2024 ஆகஸ்டில் பக்கத்துச் சயான் ரயில்வே மேம்பாலத்தை மூடியபோது எல்லோருக்கும் புரிந்தது. பாலம் போனது, பயணம் போகவில்லை. வண்டிகள் சுற்று வழித் தெருக்களில் போய் விழுந்தன.

சரி, இவ்வளவு கணக்கும் எதன் மேல் நிற்கிறது? இன்றைக்கு எந்த மனையில் என்ன இருக்கிறது என்ற வரைபடத்தின் மேல். அதுதான் கஷ்டமான வேலை. வழக்கமாக வீட்டுக்கு மஞ்சள், கடைக்கு நீலம் பூசுவார்கள். கீழே வாழையிலையும் முருங்கைக்காயும் விற்கும் கடை, மேலே குடித்தனம், நடுவில் டியூஷன் என்றிருக்கும் கட்டிடத்துக்கு எந்த நிறம்? வெறும் மஞ்சள் பூசினால் அந்தக் கடைக்குக் காலையில் வரும் டெம்போவும் கூட்டமும் கணக்கிலேயே வராது. 2015 பிப்ரவரியில் வெளியான இதே 2034 வளர்ச்சித் திட்டத்தின் முதல் வரைவில் பிழைகள் மலிந்திருந்தன. எதிர்ப்புக் கிளம்பியதும் ஏப்ரலிலேயே அரசு அதைத் திருப்பி அனுப்பியது. திருத்திய வரைவு வர 2016 ஆயிற்று.

வரைவு வெளியானதும் யார் வேண்டுமானாலும் ஆட்சேபனை எழுதலாம். 1966ஆம் ஆண்டு மகாராஷ்டிர நகரத் திட்டச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. ‘எங்கள் தெருவில் நெரிசல்’ என்று பொதுவாக எழுதினால் அது எந்த மனையைப் பற்றியது என்று தேடுவதற்குள்ளேயே ஓரங்கட்டப்படும். மனையின் சி.எஸ். எண் (நில அளவைப் பதிவு எண்), வரைபடத்தில் காட்டியிருப்பது, உண்மையில் அங்கே இருப்பது, ஒரு புகைப்படம் என்று கொடுத்தால் அதைச் சரிபார்த்தே ஆகவேண்டும்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தாராவிக்குத் திட்டம் போடுவது மாநகராட்சி அல்ல, வேறொரு அமைப்பு. அங்கே எழும் மாடிகளிலிருந்து மாட்டுங்கா, சயான் நிலையங்களுக்கு வருகிறவர்களை இந்தப் பக்கத்துக் கணக்கில் வெளியிலிருந்து வரும் பயணமாகச் சேர்த்திருக்கிறார்களா என்று கேட்பதும் ஓர் ஆட்சேபனைதான்.