‘ரெஜிஸ்டர்டு நர்ஸ்’: பதிவும் உரிமமும் பெயர் நீக்கமும்

செவிலியர் பலரின் பெயருக்குப் பின்னால் ஆர்.என்., ஆர்.எம். என்ற எழுத்துகளைக் காணலாம். ரெஜிஸ்டர்டு நர்ஸ், ரெஜிஸ்டர்டு மிட்வைஃப் என்பவற்றின் சுருக்கங்கள் இவை. இவற்றைப் பட்டம் என்றே பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் பி.எஸ்சி. நர்சிங் பட்டத்தைத் தருவது தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம், ஆர்.என். என்னும் தகுதியைத் தருவது, பேச்சுவழக்கில் ‘நர்சிங் கவுன்சில்’ எனப்படும் மாநிலச் செவிலியர் குழுமம். பட்டத்தை ஒருமுறை பெற்றால் போதும். ஆர்.என். என்பதோ குழுமத்தின் பதிவேட்டில் பெயர் இருக்கும்வரை மட்டுமே செல்லும்; காலத்துக்குக் காலம் புதுப்பிக்க வேண்டியது, தவறு செய்தால் பறிபோகவும் கூடியது. எனவே ‘ரெஜிஸ்டர்டு நர்ஸ்’ என்பதற்குத் தமிழில் ‘பதிவுபெற்ற செவிலியர்’ என்பதே பொருத்தம். ‘உரிமம் பெற்ற செவிலியர்’ என்று எழுதுவோரும் உள்ளனர். நம் நாட்டு நடைமுறைக்கு அது ஏன் அவ்வளவாகப் பொருந்தாது என்பதை அறிய, இரு சொற்களும் வந்த வழியைப் பார்க்க வேண்டும்.

‘ரெஜிஸ்டர்’ என்பதன் மூலம் இலத்தீன். திரும்பக் கொண்டுவருதல், எடுத்துக் குறித்தல் என்னும் பொருளுடைய ‘ரெகெரேரே’ என்ற வினையிலிருந்து, குறித்து வைக்கப்பட்டவை என்னும் பொருளில் ‘ரெகெஸ்தா’ தோன்றி, இடைக்கால இலத்தீனில் ‘ரெஜிஸ்த்ரும்’ ஆகிப் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. தமிழர் வாயில் அது ‘ரிஜிஸ்தர்’ ஆகி, ரிஜிஸ்தர் ஆபீஸ், ரிஜிஸ்தர் தபால், ரிஜிஸ்தர் கல்யாணம் என்று வேரூன்றிவிட்டது. தமிழ்ச் சொல்லான ‘பதிவு’ பதிதல், பதித்தல் என்னும் வினைகளிலிருந்து பிறந்தது. அழுந்தித் தடம் விழுதல் என்பது அதன் அடிப்பொருள். பதிவேடு என்பதில் பின்னால் நிற்கும் ‘ஏடு’ ஓலைக்காலத்தை நினைவூட்டுகிறது. கணக்கில் ஏற்றுவதற்கெனத் தனிச் சொற்கள் நம்மிடம் முன்பே இருந்தன: சோழர் கல்வெட்டுகளில் வரிப்பொத்தகம் (வரிக் கணக்கேடு), வரியிலீடு (அதில் பதிதல்) என்பன வருகின்றன. அவற்றோடு வரும் ‘திணைக்களம்’ இலங்கையில் இன்றும் அரசுத் துறையைக் குறித்து வழங்குகிறது. நாம்தான் அதைக் கைவிட்டோம்.

‘நர்ஸ்’ என்ற சொல்லின் கதையும் சுவையானது. ஊட்டுதல், பேணுதல் என்னும் பொருளுள்ள இலத்தீன் வினையின் வழிவந்த அச்சொல் முதலில் குறித்தது பாலூட்டி வளர்க்கும் தாயை. சங்க இலக்கியத்தின் செவிலியும் வளர்ப்புத்தாய்தான். தலைவியை வளர்த்தவள், தோழியைப் பெற்றவள். இலங்கைத் தமிழில் நர்ஸைக் குறிக்கும் ‘தாதி’ வடமொழி ‘தாத்ரி’யின் திரிபு, அதற்கும் வளர்ப்புத்தாய் என்பதே முதற்பொருள். மூன்று மொழிகளும் ஒரே உறவிலிருந்து ஒரே தொழிலுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. நோயாளியைப் பேணுவது தாய்மையின் நீட்சி என்றே நெடுங்காலம் கருதப்பட்டதால், அதற்கு ஒரு பதிவேடும் விசாரணைக் குழுவும் வேண்டும் என்ற எண்ணம் எளிதில் எழவில்லை.

எழுந்தபோது அதை எதிர்த்தவர்களில் முதன்மையானவர் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் என்பது பலருக்கு வியப்பளிக்கும். தேர்வெழுதிப் பட்டியலில் இடம்பெறுவதால் ஒருவர் நல்ல செவிலியராகிவிட மாட்டார், நோயாளியின் படுக்கையருகே வேண்டிய பண்பைப் பட்டியல் காட்டாது என்பது அவர் கருத்து. எதிரணியில் நின்றவர் எத்தெல் பெட்ஃபோர்டு ஃபென்விக் என்ற பிரித்தானியச் செவிலியர். பயிற்சி பெற்றவருக்கும் பெறாதவருக்கும் வேறுபாடு தெரியாமல் நோயாளி ஏமாறுகிறார் என்று அவர் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வாதாடினார். அந்தப் பூசல் முடிவதற்குள் நியூசிலாந்து 1901இல் செவிலியர் பதிவுச் சட்டத்தை இயற்றிவிட, அடுத்த ஆண்டு எலன் டௌகர்ட்டி அங்கே முதல் பதிவுபெற்ற செவிலியரானார். பிரித்தானியாவில் சட்டம் 1919 டிசம்பரில்தான் வந்தது. இங்கிலாந்துப் பதிவேட்டின் முதல் எண் ஃபென்விக்கின் பெயருக்கே கிடைத்தது. நைட்டிங்கேல் 1910இலேயே காலமாகிவிட்டார்.

அடுத்த சில ஆண்டுகளில் அதே முறை சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1926ஆம் ஆண்டின் சென்னைச் செவிலியர், மகப்பேறு தாதியர் சட்டம் பின்னர் தமிழ்நாட்டுச் சட்டம் எனப் பெயர் மாறியது. மயிலாப்பூர் சாந்தோம் நெடுஞ்சாலையில் உள்ள குழுமம் அச்சட்டத்தின் பிள்ளை. 1947ஆம் ஆண்டின் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் நாடு முழுதும் பயிற்சி ஒரே தரத்தில் இருக்க வழிசெய்ததே தவிர, ஆளுக்கு ஆள் பதிவதையும் தவறு செய்தவரை விசாரிப்பதையும் மாநிலக் குழுமங்களிடமே விட்டுவைத்தது. ஆக, நாம் பெற்றது பிரித்தானிய வழிப் ‘பதிவு’ முறை.

அப்படியானால் ‘லைசென்ஸ்’ எங்கிருந்து வந்தது? இலத்தீனில் ‘லிகேரே’ என்றால் அனுமதிக்கப்பட்டிருத்தல். அதன் வழிவந்த ‘லிகென்சியா’வே ஆங்கிலத்தில் லைசென்ஸ் ஆயிற்று. தமிழ்நாட்டில் அதற்கு ‘உரிமம்’ என்று ‘உரிமை’யின் அடியாகச் சொல் ஆக்கினார்கள். இலங்கையில் ‘அனுமதிப்பத்திரம்’ என்கிறார்கள். ஓட்டுநர் உரிமம் அங்கே சாரதி அனுமதிப்பத்திரம். மூலச் சொல்லின் கருத்துக்கு நெருக்கமானது இலங்கை வழக்கே. உரிமை ஒருவரிடம் இயல்பாக இருப்பது. அனுமதி மற்றொருவர் தருவது. ஆயினும் ‘உரிமம்’ நன்றாக நிலைத்துவிட்டது, இனி அதை மாற்ற வேண்டியதில்லை.

செவிலியர் பேச்சில் இச்சொல்லைக் கொண்டுவந்து சேர்த்தது பெரும்பாலும் வெளிநாட்டு வேலைதான். துபாய்க்குச் செல்ல அந்நகரச் சுகாதார ஆணையமான டிஎச்ஏவின் லைசென்ஸ், சவூதிக்குப் புரோமெட்ரிக் தேர்வு, அமெரிக்காவுக்கு என்கிளெக்ஸ் தேர்வு எழுதி ஒரு மாநில வாரியத்தின் லைசென்ஸ் என்று கேட்டுக் கேட்டு, உள்ளூர்ப் பதிவையும் ‘என்னோட லைசென்ஸ்’ என்று சொல்லும் பழக்கம் வந்தது. அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் தன் செவிலியர் தொழிற்சட்டத்தின்படி ஒரு வாரியத்தின் வழியாகத் தொழில் செய்யும் அனுமதியையே தருகிறது. அதை ‘உரிமம்’ என்பதே சரி. கோட்பாட்டளவில் பதிவு என்பது பெயருக்குக் காப்பு, உரிமம் என்பது செயலுக்குக் காப்பு. முன்னதில் பதியாதவர் ‘பதிவுபெற்ற செவிலியர்’ என்று தம்மைச் சொல்லிக்கொள்ளக் கூடாது. பின்னதில் உரிமமில்லாதவர் அந்த வேலையையே செய்யக் கூடாது. இந்தியாவில் இந்தக் கோடு இப்போது மங்கிவிட்டது. 2023ஆம் ஆண்டின் தேசிய செவிலியர், மகப்பேறு பணியாளர் ஆணையச் சட்டம், பதிவேட்டில் பெயரில்லாமல் தகுதிபெற்றவராகத் தொழில் செய்வோருக்கு ஓராண்டுவரை சிறையோ ஐந்து லட்சம் ரூபாய்வரை அபராதமோ இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. பதிவே உரிமத்தின் வேலையையும் செய்கிறது என்று சொல்லலாம். ஆனாலும் அச்சட்டம் பேசுவது பதிவேட்டைப் பற்றியே. அது அமைக்கும் வாரியங்களில் ஒன்றின் பெயரும் நெறிமுறை, பதிவு வாரியம்தான். ஆகவே இந்தியச் சூழலைப் பற்றி எழுதும்போது ‘பதிவு’ என்றே எழுதுவது நல்லது.

இது வெறும் சொல் பிடிவாதம் என்று தோன்றலாம். ஒழுங்கு நடவடிக்கை பற்றிய செய்திகளைப் படிக்கும்போதுதான் வேறுபாட்டின் பயன் விளங்கும். ‘தவறான ஊசி: செவிலியர் சஸ்பெண்ட்’ என்று ஒரு செய்தி வந்தால், அவர் இனிச் செவிலியராகப் பணியாற்ற முடியாது என்று வாசகர் எண்ணிக்கொள்கிறார். நடந்தது பணியிடை நீக்கம். அதைச் செய்தவர் வேலை கொடுத்தவர். அரசு மருத்துவமனையாக இருந்தால், தமிழ்நாடு குடிமைப் பணிகள் ஒழுங்கு, மேல்முறையீட்டு விதிகளின்படி குற்றச்சாட்டுக் குறிப்பாணை வரும். சிறு தண்டனைக்குரியது விதி 17(அ), பெருந்தண்டனைக்குரியது 17(ஆ). கோப்பில் 17(ஆ) என்றிருந்தாலும் வார்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ‘அக்காவுக்கு செவன்டீன் பி குடுத்துட்டாங்களாம்’ என்றால் எல்லாருக்கும் புரியும். விளக்கம் எழுதிக் கொடுப்பது, விசாரணை அதிகாரி முன் நிற்பது, ஊதிய உயர்வு நிறுத்தம், கடைசிப் படியாகப் பணியறவு (டிஸ்மிஸ்) என இவை அனைத்தும் அரசு ஊழியர் என்ற முறையில் வருபவை. பணியறவு பெற்றவரின் பெயரும் குழுமத்தின் பதிவேட்டில் அப்படியே இருக்கலாம். தனியார் மருத்துவமனை ஒன்றில் அவர் மறுமாதமே சேரவும் சட்டத்தில் தடையில்லை. மாறாக, குழுமம் பெயரை நீக்கிவிட்டால் அரசு வேலை, தனியார் வேலை என்ற பாகுபாடின்றி ஆர்.என். என்ற தகுதியே போய்விடும். பணியிடை நீக்கம், பணியறவு, பதிவு இடைநிறுத்தம், பதிவு நீக்கம் ஆகிய நான்கையும் ‘சஸ்பெண்ட்’, ‘டிஸ்மிஸ்’ என்ற இரண்டில் அடக்கி எழுதுவதால், நோயாளியைக் காக்க வேண்டிய நடவடிக்கை எடுக்கப்பட்டதா இல்லையா என்பதே தெரியாமற் போகிறது. மேற்பார்வை சரியில்லை என்று குறைப்படுவதற்கு முன், யாருடைய மேற்பார்வை என்று பிரித்தறிய முடிய வேண்டும்.

பெயர் நீக்கத்தை ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ரைக் ஆஃப்’ என்பர். பேரேட்டில் பெயரின் மேல் கோடு இழுப்பது. ‘பேரை அடிச்சுட்டாங்க’ என்று தமிழிலும் அதே படத்தோடு வழங்குகிறோம். எழுத்துத் தமிழில் ‘பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கம்’ என்பது போதும்; ‘உரிமம் ரத்து’ வேண்டாம். பிரித்தானியச் செவிலியர், மகப்பேறு பணியாளர் குழுமம் இத்தண்டனைகளைப் படிப்படியாக வகுத்திருப்பதால் கலைச்சொல் ஆக்குவோருக்கு அது உதவும். ஓராண்டு முதல் ஐந்தாண்டுவரை குறிப்பில் நிற்கும் எச்சரிக்கை ஆணை, மூன்றாண்டுவரை செல்லும் நிபந்தனை ஆணை, ஓராண்டுவரை இடைநிறுத்த ஆணை, அதன்பின் பெயர்நீக்க ஆணை. நீக்கப்பட்டவர் ஐந்தாண்டு கழிந்த பிறகே மீண்டும் சேர்க்கக் கோரலாம். அங்கே விசாரணையின் கேள்வி ‘பணிபுரியத் தகுதியாக இருக்கிறாரா’ என்பது. பழைய சட்டமொழியிலோ ‘தொழில் வகையில் இழிநடத்தை’ என்ற தொடர் ஆண்டது. 1858ஆம் ஆண்டின் பிரித்தானிய மருத்துவச் சட்டத்தில் மருத்துவர்களுக்காக எழுதப்பட்டது அது. இந்தத் தொடரைத் ‘தொழில்முறைத் தவறு’ என்று மென்மையாகப் பெயர்த்தால் பொருள் குறைபடும். மருந்தளவில் நேர்ந்த பிழை தவறு. பிழையை மறைக்கக் குறிப்பேட்டைத் திருத்தியது இழிநடத்தை.

அமைப்பின் பெயரிலும் ஒரு குழப்பம் உண்டு. கவுன்சிலைச் ‘செவிலியர் சங்கம்’ என்று எழுதிவிடுகிறார்கள். சங்கம் என்பது, 1908இல் தோன்றிய இந்தியப் பயிற்சிபெற்ற செவிலியர் சங்கம் போல, உறுப்பினர் நலனுக்காகப் பேசுவது. குழுமம் சட்டத்தால் அமைந்தது. அது நோயாளிகளின் சார்பில் செவிலியரைக் கண்காணிக்க வேண்டியது. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின் ‘கமிஷன்’ என்பதற்கு ‘ஆணையம்’ என்பதே பொருந்தும்: முறைகேட்டை மாநில ஆணையம் விசாரிக்கும், மேல்முறையீடு தேசிய அமைப்புக்குச் செல்லும்.

கடைசியாக ஒரு தாள். வெளிநாடு செல்லும் செவிலியர் குழுமத்திடம் ‘குட் ஸ்டாண்டிங்’ சான்று கேட்டு விண்ணப்பிப்பது வழக்கம். பெயர், பதிவெண், பதிவு நடப்பில் உள்ளது என்ற குறிப்பு, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் இல்லை என்ற ஒரு வரி. அவ்வளவுதான் அதன் சாரம். இதை ‘நன்னடத்தைச் சான்று’ என்று மொழிபெயர்ப்பதைப் பார்க்கிறேன். நன்னடத்தைச் சான்று பள்ளித் தலைமையாசிரியர் தருவது. அது ஆளின் குணத்துக்கு. குழுமம் குணத்துக்கு உறுதி தருவதில்லை, தன் பதிவேட்டில் ஒருவரின் நிலை என்ன என்பதை மட்டுமே சொல்கிறது. எனவே ‘நன்னிலைச் சான்று’ எனலாம். பிற மாநிலத்துக்குப் பதிவை மாற்றிக்கொள்ளத் தரப்படும் ‘தடையில்லாச் சான்று’ இதனினும் வேறு.