கில்லார்னி ஏரிக்குப் போகிறீர்களா? குளிரையும் காற்றையும் தெரிந்துகொண்டு போங்கள்

அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில், கெர்ரி கவுன்டியில் இருக்கிறது கில்லார்னி. லாக் லேன், மக்ரஸ் ஏரி, மேல் ஏரி என்று மூன்று ஏரிகள் ஒன்றுக்குள் ஒன்று வடிகின்றன. மேற்கே மலைத்தொடர், கரையெல்லாம் ஓக் காடு. 1932-இல் மக்ரஸ் எஸ்டேட்டை அதன் உரிமையாளர்கள் அரசுக்குக் கொடையாகக் கொடுத்தார்கள். அப்படி உருவானதுதான் அயர்லாந்தின் முதல் தேசியப் பூங்கா. இன்று அதன் பரப்பு பத்தாயிரம் ஹெக்டேருக்கு மேல். நான்கு நாள் தங்கினாலும் பார்த்து முடியாது.

இங்கே வருகிறவர்கள் மழைக்கோட்டு, குடை, நல்ல ஷூ எல்லாம் மறக்காமல் எடுத்து வருகிறார்கள். தண்ணீருக்கு மட்டும் யாரும் தயாராக வருவதில்லை. ஜூலை மாதம், வெயில் அடிக்கிறது, ஏரி கண்ணாடிபோல் கிடக்கிறது, இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். ஆபத்து தொடங்குவது அங்கேதான்.

தண்ணீரின் குளிர் என்ன செய்யும்

கிணற்றிலும் கண்மாயிலும் நீந்திப் பழகியவர்களுக்குத்தான் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் ஊர்த் தண்ணீர் 25 டிகிரிக்கு மேல் இருக்கும். 15 டிகிரியும் அதற்குக் கீழும் உள்ள தண்ணீரில் உடம்பு நடந்துகொள்ளும் விதமே வேறு. இந்த ஏரிகள் ஆண்டின் பெரும்பகுதி அந்த அளவுக்குக் கீழேதான் இருக்கின்றன. கோடையில் மேல்மட்டம் கொஞ்சம் சூடேறினாலும், ஆழத்தில் குளிர் அப்படியே இருக்கும்.

தவறி விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு உங்கள் கட்டுப்பாட்டில் இருக்காது. விழுந்த கணமே வாய் தானாகத் திறந்து பெரிதாக ஒரு மூச்சை இழுக்கும். அப்போது தலை தண்ணீருக்குள் இருந்தால் நுரையீரலுக்குள் போவது தண்ணீர். கூடவே இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறும். நல்ல நீச்சல்காரர்கள் கரையிலிருந்து சில மீட்டர் தூரத்திலேயே மூழ்குவது இதனால்தான். அந்த நேரத்தில் நீந்த முயலாதீர்கள். மல்லாந்து, காதுகள் தண்ணீரில் நனையும்படி தலையைப் பின்னால் சாய்த்து, கைகளை விரித்து மிதங்கள். ஒன்று, ஒன்றரை நிமிடத்தில் மூச்சு வசத்துக்கு வந்துவிடும்.

அடுத்த பத்து நிமிடம்தான் கைகால் பயன்படும் நேரம். உடம்பு தன் சூட்டை நடுப்பகுதிக்கு இழுத்துக்கொள்வதால் விரல்கள் மரத்து, கயிற்றைக்கூடப் பிடிக்க முடியாமல் போகும். கவிழ்ந்த படகின் மேல் ஏறுவதோ, விசில் ஊதுவதோ, போனில் பேசுவதோ, எல்லாவற்றையும் இந்தப் பத்து நிமிடத்துக்குள் முடித்துவிட வேண்டும். கரை பக்கம்தானே என்று படகை விட்டுவிட்டு நீந்தாதீர்கள். தேடி வருகிறவர் கண்ணுக்குப் படகுதான் தெரியும், மனிதத் தலை தெரியாது. தலையை மேலே வைத்திருக்க லைஃப் ஜாக்கெட் இருந்தால், நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். காப்பாற்ற வருகிறவர்களுக்குக் கிடைக்கும் அவகாசம் அதுதான்.

இன்னொன்று, இந்தத் தண்ணீரின் நிறம். மலைமேல் உள்ள பீட் எனும் கரிச்சேற்று நிலத்தில் ஊறி வருவதால், காப்பி டிகாஷனில் நீர் விட்டதுபோல் பழுப்பாக இருக்கும். முழங்கால் அளவுக்குக் கீழே தரை தெரியாது. மக்ரஸ் ஏரி மூன்றிலும் ஆழமானது, 70 மீட்டருக்கு மேல். சில இடங்களில் கரையிலிருந்து இரண்டு மூன்று அடி வைத்ததும் தரை சரிந்துவிடும். குழந்தையைக் கரையில் விளையாட விட்டால் கையெட்டும் தூரத்தில் ஒருவர் நிற்க வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பது போதாது.

லைஃப் ஜாக்கெட்டை எப்படிப் போடுவது

ஏழு மீட்டருக்குக் குறைந்த நீளமுள்ள திறந்த படகில் எல்லோரும் லைஃப் ஜாக்கெட் அணிய வேண்டும் என்பது அயர்லாந்தில் சட்டம். பதினாறு வயதுக்குக் கீழே இருப்பவர்கள் எந்த அளவுப் படகாக இருந்தாலும் மேல்தளத்தில் நிற்கும்போது அணிய வேண்டும். காலடியில் போட்டு வைத்த ஜாக்கெட் அணிந்த கணக்கில் சேராது. விழுந்த பிறகு அதைத் தண்ணீரில் மாட்டிக்கொள்ள யாராலும் முடியாது.

வாடகைக்குக் கொடுக்கும்போது உள்ளே இருக்கும் லேபிளைப் பாருங்கள். ஜாக்கெட்டின் மிதப்பு விசையை நியூட்டன் என்ற அளவில் போட்டிருப்பார்கள். 50 நியூட்டன் என்றிருந்தால் அது மிதக்க உதவும் சட்டை மட்டுமே. கயாக் எனும் சிறு துடுப்புப் படகில் நீந்தத் தெரிந்தவருக்கு, உடன் வழிகாட்டி இருக்கும்போது, அது போதும். 150 நியூட்டன் என்றால் நினைவு தப்பியவரையும் முகம் மேலே வரும்படி பெரும்பாலும் புரட்டிவிடும். நீந்தத் தெரியாதவர் அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். குழந்தைக்கு எடை பார்த்து வாங்குங்கள். வளரட்டும் என்று ஒரு அளவு பெரிதாகப் போட்டுவிடுவது பள்ளிச் சீருடைக்குச் சரி, இதற்குக் கூடாது.

ஜாக்கெட்டை மாட்டி, இடுப்பு வாரை இழுத்துக் கட்டிய பிறகு, ஜாக்கெட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவே மூடிய கையை நுழைத்துப் பாருங்கள். முஷ்டி இறுக்கமாகப் போனால் சரி. தாராளமாகப் போனால் தளர்வு. பிறகு தோள்பட்டைப் பகுதியை இன்னொருவர் பிடித்து மேலே தூக்கிப் பார்க்கட்டும். ஜாக்கெட் காதுவரை ஏறினால், தண்ணீரில் முகத்தை மறைத்துத் தலைவழியே கழன்றுவிடும். தொடைகளுக்கு நடுவே போகும் வார் இதைத் தடுக்கத்தான் இருக்கிறது. கூச்சப்பட்டோ அவசரப்பட்டோ அதைப் பூட்டாமல் விடுகிறவர்கள்தான் அதிகம், குறிப்பாகச் சேலையிலோ நீளச் சுடிதாரிலோ வருகிறவர்கள். படகுக்குப் போகும் நாளில் பேன்ட் போட்டுக்கொண்டு வாருங்கள். ஜீன்ஸ் வேண்டாம். நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும், காயவும் காயாது. கம்பளி அல்லது பாலியெஸ்டர் துணி, அதன் மேல் காற்றுப் புகாத கோட்டு என்பதே இங்கே சரியான உடை.

தானாக உப்பும் வகை ஜாக்கெட் என்றால், உள்ளே இருக்கும் சிறிய வாயு உருளை கையால் திருகி இறுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பயன்பாட்டில் அது மெல்ல மெல்லக் கழன்றுகொள்ளும். கழன்றிருந்தால் ஜாக்கெட் உப்பாது. மேல்கோட்டை ஜாக்கெட்டுக்கு மேலே போடவும் கூடாது. உப்பும்போது நெஞ்சை நெரிக்கும்.

காற்று எந்தப் பக்கம்

படகுகள் புறப்படும் ராஸ் கோட்டைப் படித்துறை, லாக் லேன் ஏரியின் மறைவான சிறு குடாவில் இருக்கிறது. 15-ஆம் நூற்றாண்டில் ஓ'டொனஹூ குலத்தார் கட்டிய கோட்டை அது. 1652-இல் இங்கிலாந்தின் கிராம்வெல் படையிடம் விழுந்தது. குடாவில் அலையே இருக்காது. அதைப் பார்த்து ஏரி முழுதும் அமைதி என்று முடிவுகட்டக் கூடாது. தீவுகளைத் தாண்டியதும் லாக் லேன் திறந்த வெளி. மலை இடுக்குகளின் வழியே இறங்கும் காற்று அங்கே பத்து நிமிடத்தில் வெள்ளை நுரை அலையைக் கிளப்பிவிடும்.

கோட்டை ஏரியின் கிழக்குக் கரையில் இருக்கிறது. மேற்குக் காற்று அடித்தால் போகும்போது கஷ்டம், திரும்பும்போது சுலபம். களைப்படைந்தாலும் காற்றே கரை சேர்க்கும். கிழக்குக் காற்று அடிக்கும் நாள்தான் ஏமாற்றும். கரையோரம் தண்ணீர் வழுவழுப்பாக இருக்கும், துடுப்பு போடாமலே கயாக் ஓடும். திரும்ப நினைக்கும்போது காற்று முகத்தில் அறையும். புறப்படும்போது காற்றை எதிர்த்துப் போங்கள், திரும்பும்போது அதன் துணையோடு வாருங்கள். கிழக்குக் காற்று பலமாக இருக்கும் நாளில் சொந்தமாகத் துடுப்பு போடும் எண்ணத்தைக் கைவிட்டு, படகோட்டியோடு போகும் படகில் ஏறிக்கொள்ளுங்கள்.

அந்தப் படகில் இன்னிஸ்ஃபாலன் தீவுக்குப் போகலாம். ஏழாம் நூற்றாண்டில் தொடங்கிய மடத்தின் இடிபாடுகள் அங்கே நிற்கின்றன. துறவிகள் தலைமுறை தலைமுறையாக எழுதிவந்த இன்னிஸ்ஃபாலன் ஆண்டுக்குறிப்புகளின் மூலச்சுவடி இப்போது ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. தீவில் கடையோ ஒதுங்க இடமோ எதிர்பார்க்காதீர்கள். திரும்பும் படகு எப்போது என்று ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

டன்லோ கணவாய்: ஒரு முழு நாள்

கில்லார்னியில் ஒரே ஒரு நாள்தான் என்றால் இதைத்தான் செய்யச் சொல்வோம். காலையில் பேருந்தில் கணவாயின் வாசலில் உள்ள கேட் கியர்னி காட்டேஜ் போய், அங்கிருந்து கணவாய் வழியே சுமார் 11 கிலோமீட்டர் நடந்து லார்ட் பிராண்டன் காட்டேஜில் இறங்கி, மூன்று ஏரிகளையும் படகில் கடந்து ராஸ் கோட்டைக்குத் திரும்புவது. நடக்க இரண்டரை முதல் மூன்று மணி நேரம் ஆகும். குழந்தைகள் இருந்தால் நான்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பிற்பகலில் படகு புறப்படும் நேரத்தைத் தவறவிட்டால், வந்த கணவாய் வழியே திரும்பி நடக்க வேண்டியதுதான். படகை முன்பே பதிவு செய்யாமல் இந்த வழியில் கால் வைக்காதீர்கள்.

கணவாய்ச் சாலை ஒரு வண்டி போகும் அகலம்தான். குதிரை வண்டிகள் வரும்போது மலைப்பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். வாடகைக் காரை உள்ளே கொண்டு போகும் ஆசை வேண்டாம். எதிரே வண்டி வந்தால் வளைவில் பின்னோக்கி ஓட்ட வேண்டியிருக்கும்.

படகில் வரும்போது மேல் ஏரியையும் கீழ் ஏரிகளையும் இணைக்கும் நீண்ட கால்வாயின் முடிவில் பழைய வியர் பாலம் வரும். அதன் கீழே நீரோட்டம் வேகமாக இருக்கும். தண்ணீர் மட்டத்தைப் பார்த்துப் படகோட்டி சில நேரம் எல்லோரையும் இறக்கி நடக்கச் சொல்வார். சொன்னால் உடனே இறங்குங்கள். பாலத்தடியில் புகைப்படத்துக்காக எழுந்து நிற்பது படகையே கவிழ்க்கும்.

கரையில், காட்டில்

மக்ரஸ் ஏரியைச் சுற்றி ஏறக்குறைய 10 கிலோமீட்டர். சைக்கிளுக்கு அருமையான வழி. சைக்கிள்கள் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் மட்டும் போக வேண்டும். ஒரு பகுதி என் 71 நெடுஞ்சாலையை ஒட்டி வருகிறது. சுற்றுலாப் பேருந்துகள் ஓடும் குறுகிய சாலை அது. வரிசையாக, ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். டார்க் அருவி மழை பெய்த மறுநாள்தான் பார்க்க வேண்டியது. சுமார் 20 மீட்டர் உயரம். தடுப்பைத் தாண்டிப் பாறையில் ஏறாதீர்கள், பாசி எண்ணெய் தடவியதுபோல் இருக்கும். அருவியோடு திரும்பிவிடாமல் பக்கத்துப் படிகளில் ஏறினால் ஏரி முழுவதும் கண்ணில் விரியும். மழை விடாத நாளுக்கு மக்ரஸ் மாளிகையும், 1448-இல் தொடங்கிய மக்ரஸ் மடாலயமும் இருக்கின்றன. மடாலய முற்றத்தின் நடுவே கிளை பரப்பி நிற்கும் யூ மரத்தைப் பார்க்காமல் வராதீர்கள்.

கோடையில் ஏரித் தண்ணீர் பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோல் திரண்டிருந்தால் தொடாதீர்கள், நாயையும் இறக்காதீர்கள். நீலப்பச்சைப் பாசி நஞ்சு கக்கும். கழிவிலிருந்தும் வயல்களிலிருந்தும் பாஸ்பரஸ் சேர்வதால் வருவது. 1997-இல் லாக் லேனில் பெரிய அளவில் வந்தது. நெருப்பு மூட்டுவதும் பார்பெக்யூவும் கூடாது. 2021 ஏப்ரலில் பற்றிய தீ இந்தப் பூங்காவின் கணிசமான பகுதியைக் கரித்துவிட்டது.

செம்மான்களிடமிருந்து 50 மீட்டர் தள்ளியே நில்லுங்கள். செப்டம்பர் பிற்பகுதியிலிருந்து அக்டோபர் வரை கிடாமான்களுக்கு இணைசேரும் காலம். அப்போது ஆளைப் பாய்ந்து முட்டும். ஜூனில் புல்லுக்குள் தனியாகப் படுத்திருக்கும் குட்டியைப் பார்த்தால் அநாதை என்று நினைத்துத் தூக்காதீர்கள். தாய்தான் அதை ஒளித்துவைத்துவிட்டு மேயப் போயிருக்கிறது.

அவசரம் என்றால்

112 அல்லது 999. ஏரியில் என்றால் கோஸ்ட் கார்டு (கடலோரக் காவல்படை) வேண்டும் என்றும், மலையில் என்றால் மவுன்டன் ரெஸ்க்யூ (மலை மீட்புக் குழு) வேண்டும் என்றும் கேளுங்கள். உள்நாட்டு ஏரிக்கும் கோஸ்ட் கார்டுதான் என்பது பலருக்குத் தெரிவதில்லை. போனை நீர்புகாத உறையில் போட்டு உடம்போடு கட்டிக்கொள்ளுங்கள். படகுப் பையில் இருக்கும் போன் படகோடு போய்விடும்.

தண்ணீரிலிருந்து தூக்கியவரைப் படுக்க வையுங்கள். நடக்க விடாதீர்கள். ஈரத் துணியைக் கழற்றிப் போர்த்தி, தலையையும் மூடுங்கள். நன்றாக விழித்திருந்தால் இனிப்பான சூடான பானம் கொடுக்கலாம். கைகாலைத் தேய்க்கக் கூடாது, வெந்நீர்க் குளியல் கூடாது, பிராந்தி கூடவே கூடாது. மூன்றுமே தோலுக்கு ரத்தத்தை இழுத்து உள்சூட்டை மேலும் குறைக்கும்.

மான் திரியும் காட்டில் உண்ணி இருக்கும். சில உண்ணிகள் லைம் நோயைப் பரப்பும். பேன்டைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு, பாதையை விட்டு இறங்காமல் நடங்கள். அறைக்குத் திரும்பியதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் ஆகிய இடங்களையும், குழந்தைகளுக்குத் தலைமுடி ஓரத்தையும் காதுக்குப் பின்னாலும் தடவிப் பாருங்கள். எள் அளவு கறுப்பாக ஒட்டியிருக்கும். நுனி மெலிந்த ட்வீசரால் தோலோடு ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மெதுவாக இழுங்கள். எண்ணெய், நெருப்பு, நெயில் பாலிஷ் எதையும் வைக்காதீர்கள். உண்ணி கலவரப்பட்டுத் தன் எச்சிலை உள்ளே கக்கிவிடும். எடுத்த தேதியைப் போனில் குறித்துவையுங்கள். 3 முதல் 30 நாளுக்குள் அந்த இடத்தில் சிவப்பு வளையம் பரவினாலோ காய்ச்சலோடு மூட்டுவலி வந்தாலோ, அதற்குள் ஊர் திரும்பியிருந்தாலும், அயர்லாந்தில் உண்ணி கடித்தது என்று அந்தத் தேதியோடு மருத்துவரிடம் சொல்லுங்கள். நம் ஊரில் லைம் நோயை அவர் அடிக்கடி பார்த்திருக்கமாட்டார்.