கலரைக் கொஞ்சம் ஏத்திடவா?

அக்கா மகளுக்கு வரன் பார்க்கிறார்கள். ஜாதகத்தோடு கொடுக்க ஒரு படம் வேண்டும் என்று, கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஸ்டுடியோவுக்கு அவளைக் கூட்டிப் போயிருந்தேன். படம் எடுத்து முடித்ததும் ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, "கலரைக் கொஞ்சம் ஏத்திடவா சார்?" என்றார். கேட்டு முடிப்பதற்குள் ஏற்றியும் விட்டார். "நான்தான்னு தெரிஞ்சா போதும்ணா" என்றாள் அவள். அவர் சிரித்தாரே தவிர குறைக்கவில்லை.

எனக்கு ஆச்சரியம் தந்தது அதற்கப்புறம் நடந்ததுதான். நெற்றி முடி, பொட்டு, புடவை மடிப்பு என்று பத்து நிமிடம் அந்த வெளுத்த படத்தையே அவர் சரிசெய்துகொண்டிருக்க, நானும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு முதலில் எடுத்த படத்தைத் திறந்து காட்டினார். எனக்கே அது மங்கிப்போன மாதிரி இருந்தது! பக்கத்தில் நிற்கும் பெண்ணைத் திரும்பிப் பார்த்தேன். அவள் நிறம் அதுதான். பத்து நிமிடத்தில் என் கண் கட்சி மாறிவிட்டது.

இப்படிக் கட்சி மாறுவதை ஆய்வுக்கூடத்திலேயே செய்து பார்த்திருக்கிறார்கள். மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் ஜில்லியன் ரோட்ஸ் குழு 2003இல் வெளியிட்ட ஆய்வு அது. நடுப்பகுதியை உப்பவைத்த முகங்களையோ ஒடுக்கிய முகங்களையோ ஆட்களுக்குச் சில நிமிடங்கள் காட்டினார்கள். அதன்பின் எந்த முகம் அழகு என்று கேட்டபோது, பார்த்துப் பழகிய பக்கமாகவே பதில் சாய்ந்தது. இருட்டறையிலிருந்து வெயிலுக்கு வந்தால் கண் வெளிச்சத்துக்குப் பழகிக்கொள்கிறதே, மூளை முகத்துக்கும் அதையேதான் செய்கிறது. பார்க்கிற முகங்களையெல்லாம் கலந்து ஒரு நடுமுகத்தை உள்ளே வைத்துக்கொள்கிறது. புதிதாக வரும் முகத்தை அதோடு ஒப்பிடுகிறது. ஒத்துப்போனால் அடையாளம் காண்பது எளிது, எளிதாக இருப்பது பிடித்தும்போகிறது.

இதன் முதல் துப்பு தற்செயலாகத்தான் கிடைத்தது. 1878இல் பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேயர், குற்றவாளி என்றால் முகம் எப்படி இருக்கும் என்று கண்டுபிடிக்கும் ஆசையில், பல கைதிகளின் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே புகைப்படத் தட்டில் பதித்தார். கொடூர முகம் வரும் என்று எதிர்பார்த்தவருக்கு, தனித்தனி முகங்களைவிட லட்சணமான ஒரு முகம் வந்து நின்றது. 1990இல் ஜூடித் லாங்லாயும் லோரி ராக்மனும் கணினியில் முகங்களைக் கலந்து பார்த்தார்கள். 32 முகம் கலந்த படத்தை, அதில் கலந்த முகங்களில் பெரும்பாலானவற்றைவிட அழகு என்றார்கள் பார்த்தவர்கள்.

அதற்காக எல்லாமே பழக்கம்தான் என்று சொல்லிவிடவும் முடியாது. பிறந்து சில நாளே ஆன குழந்தைகூட, பெரியவர்கள் அழகு என்று சொன்ன முகத்தைக் கொஞ்சம் அதிக நேரம் பார்க்கிறது. இடமும் வலமும் ஒத்திருக்கும் முகம், திட்டுத்திட்டாக இல்லாத தோல் இவற்றை எந்த ஊரிலும் பெரிதாக மறுப்பதில்லை. தகராறெல்லாம் நிறத்திலும் பருமனிலும்தான்.

பருமனை எடுத்துக்கொள்வோம். 'பூசினாற்போல இருக்கிறாள்' என்பது என் பாட்டி காலத்துப் பாராட்டு. பிஜித் தீவுகளிலும் அப்படித்தான், நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த உடம்புக்குத்தான் மரியாதை. அங்கே நாட்ரோகா என்ற பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. வந்த புதிதிலும், மூன்றாண்டு கழித்தும், பள்ளி மாணவியரிடம் ஆன் பெக்கர் என்ற மருத்துவ மானுடவியலாளர் கேள்விகள் கேட்டார். உடம்பைக் குறைக்க வேண்டி வாந்தி எடுப்பதாக முதல் முறை ஒருத்திகூடச் சொல்லவில்லை. 1998இல் 11.3 சதவீதம் பேர் சொன்னார்கள். மூன்றே வருடம்! நடுமுகம் மாதிரி ஒரு நடு உடம்பும் உள்ளே இருக்கிறது போல. டிவிக்காரர்கள் அதை நகர்த்திவிட்டார்கள்.

வயிறுகூடத் தீர்ப்பை மாற்றும். 2006இல் பிரிட்டனில் வந்த ஓர் ஆய்வில், சாப்பாட்டுக்கூடத்துக்குள் பசியோடு போகும் ஆண்களையும் சாப்பிட்டுவிட்டு வருபவர்களையும் தனித்தனியே கேட்டார்கள். பசித்தவர்களுக்குச் சற்றுப் பருமனான பெண்கள்தான் அழகாகத் தெரிந்தார்கள். பெண் பார்க்கப் போகிற இடத்தில் முதலில் சொஜ்ஜி, பஜ்ஜி வைத்துவிடுகிறோமே, அது யாருக்குச் சாதகம் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

நிறத்துக்கு வருகிறேன். ஸ்டுடியோக்காரருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், பிலிம் காலத்தில் தொழில் கற்றவர். அவர் கையை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. கலர் பிலிமின் ரசாயனமே வெள்ளைத் தோலை மனதில் வைத்துத்தான் அமைந்தது. லேபில் நிறம் சரிபார்க்க கோடாக் நிறுவனம் ஒரு மாதிரிப் படம் அனுப்பும். அதில் இருப்பது ஒரு வெள்ளைக்காரப் பெண், பெயர் ஷெர்லி. ஷெர்லியின் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கணக்கு. பழுப்பு நிறத்தின் நுணுக்கங்கள் அதில் அமுங்கிப்போகும். கறுப்பர்கள் முகம் சரியாக வரவில்லை என்பதால் அல்ல, மரச்சாமான் கம்பெனிகளும் சாக்லேட் கம்பெனிகளும் தங்கள் சரக்கு படத்தில் சரியாக விழவில்லை என்று புகார் சொன்ன பிறகுதான் பிலிமைத் திருத்தினார்கள். எங்கள் வீட்டுப் பழைய கல்யாண ஆல்பத்தில் தாத்தாவின் வேட்டியும் பல்லும் மட்டும் பளிச்சென்று இருக்கும். ஆள் எங்கே என்று தேட வேண்டும்.

கடலூர் பூமத்திய ரேகைக்கு ஏறக்குறைய 12 பாகை வடக்கே இருக்கிறது. இங்கே விழும் புற ஊதாக் கதிரில், உடம்புக்குத் தேவையான ஃபோலேட் சத்து சிதையும். அது குறைந்தால் கருவில் இருக்கும் குழந்தையின் தண்டுவடம் பாதிக்கப்படும். தோலுக்கு நிறம் தரும் மெலனின் அந்தக் கதிரை வடிகட்டுகிற குடை. வெயில் குறைந்த வடக்கில் குடையைக் கொஞ்சம் மடக்கினால்தான் வைட்டமின் டி தயாராகும். இவ்வளவுதான் கறுப்புக்கும் வெளுப்புக்கும் பின்னால் உள்ள விஷயம். மெலனின் செய்யும் செல்களின் எண்ணிக்கை எல்லா மனிதருக்கும் கிட்டத்தட்ட ஒன்றே. அவை எவ்வளவு, எந்த வகை மெலனினைச் செய்கின்றன என்பதில்தான் வித்தியாசம். 2005இல் வரிக்குதிரை மீனை ஆராய்ந்தபோது கண்டுபிடித்த ஒரு மரபணுவில், ஒரே ஓர் எழுத்து மாறினால் தோல் வெளுக்கிறது. அந்த மாற்றம் ஐரோப்பியரில் ஏறக்குறைய எல்லோரிடமும் இருக்கிறது, நம்மில் சிலரிடம் இருக்கிறது, சிலரிடம் இல்லை. ஒரு வயிற்றுப் பிள்ளைகள் வேறு வேறு நிறத்தில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் ஆட்கள் எப்போதும் வெளுப்பையே அழகு என்றார்களா? குறுந்தொகையில் வெள்ளிவீதியார் பாடிய தலைவி, கன்றும் குடிக்காமல் கலத்திலும் விழாமல் மண்ணில் கொட்டிய பாலைப்போலத் தன் அழகு வீணாகிறது என்று அழுகிறாள். அந்த அழகுக்கு அவள் சொல்லும் பெயர் 'மாமைக் கவின்'. மாமை என்றால் மாந்தளிரின் நிறம். சித்திரைக்கு முன்னால் மாந்தோப்பில் போய்ப் பாருங்கள், செம்பும் கருமையும் கலந்த ஒரு பளபளப்பு. அதைத் தின்பது எது? பசலை. அதாவது, நிறம் வெளிறிப்போவது. நிறம் வெளுத்தால் அன்றைக்கு நோய். வள்ளுவர் பசப்புக்கென்று தனியாக ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார்.

அப்புறம் எப்படித் திரும்பியது? வயலில் வேகிறவர் கறுப்பார், நிழலில் இருப்பவர் வெளுப்பார் என்பது ஒரு காரணம். சாதியும் ஆட்சியும் அதன்மேல் ஏறிக்கொண்டன. புதுச்சேரியை பிரெஞ்சுக்காரர்கள் ஒரு வாய்க்காலை நடுவில் வைத்து வெள்ளை நகரம், கறுப்பு நகரம் என்றே பிரித்தார்கள். அந்த 'ஒயிட் டவுன்' சுவர் முன்னால்தான் இப்போது எல்லோரும் போட்டோ எடுக்கிறோம்.

வேடிக்கை என்னவென்றால் ஐரோப்பா அதற்குள் எதிர்ப்பக்கம் போய்விட்டது. ஈய வெள்ளையை முகத்தில் பூசி உடம்பைக் கெடுத்துக்கொண்ட சீமாட்டிகளின் ஊர் அது. உழைப்பாளிகள் தொழிற்சாலைக்குள் போய் வெளிறியதும், வெயிலில் கிடக்க நேரமும் காசும் உள்ளவரே பணக்காரர் என்றானது. வெயில் மருந்து என்ற எண்ணமும் சேர்ந்தது. தோல் காசநோயை ஒளியால் குணப்படுத்திய நீல்ஸ் ஃபின்சனுக்கு 1903இல் நோபல் பரிசு கிடைத்திருந்தது. 1920களில் பழுப்பேறிய தோல் நாகரிகமாகிவிட்டது. கடலூரிலிருந்து 22 கிலோமீட்டர் தள்ளிப் புதுச்சேரிக்குப் போனால் இரண்டையும் ஒரே வெயிலில் பார்க்கலாம். கடற்கரை மணலில் வெள்ளைக்காரர்கள் கறுக்க வேண்டிப் புரண்டுகொண்டிருப்பார்கள். சாலையில் நம் பெண்கள், கண் மட்டும் தெரிய துப்பட்டாவைச் சுற்றி, முழங்கை வரை உறை மாட்டி, ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருப்பார்கள்.

ஒன்றை மட்டும் விளையாட்டாகச் சொல்ல முடியாது. பெயர் தெரியாத சிவப்பழகு கிரீம்களில் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. மெலனின் உருவாக உதவும் டைரோசினேஸ் என்ற நொதியை அது முடக்குகிறது, அதனால் தோல் வெளுக்கிறது. தோல் வழியாக உள்ளே போன பாதரசம் சிறுநீரகத்தில் சேர்கிறது. 2023இல் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் சிலருக்குச் சிறுநீரகம் கெட்டதற்கு இப்படிப்பட்ட கிரீம்தான் காரணம் என்று மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். கம்ப்யூட்டரில் ஏற்றுகிற கலராவது அழித்தால் போய்விடும்.

படம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். இரண்டையும் பிரிண்ட் போட்டு வாங்கி வந்தேன். அக்கா வெளுத்த படத்தை எடுத்தாள், மகள் பிடுங்கி மற்றதை உறைக்குள் வைத்தாள். அடுத்த வாரம் மாப்பிள்ளை வீட்டுப் படம் வந்தது. பையன் முகம் பால் மாதிரி இருந்தது. காதுக்குக் கலர் ஏற்ற மட்டும் அந்த ஊர் ஸ்டுடியோக்காரர் மறந்துவிட்டார். நல்ல மாந்தளிர்க் காது.