முடியை வெளுக்கும் முன் கிணற்றுத் தண்ணீரைப் பாருங்கள்

வீட்டில் முடியை ப்ளீச் செய்ய நினைப்பவர்கள் எந்தப் பொடி நல்லது என்றுதான் முதலில் கேட்பார்கள். குமரி மாவட்டத்தில் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, எந்தத் தண்ணீரில் குளிக்கிறீர்கள் என்பது. கல்குளம், விளவங்கோடு பக்கத்தில் செம்மண்ணும் வெட்டுக்கல்லும் நிறைந்த பூமி. அங்கே சில கிணறுகளிலும் போர்வெல்களிலும் இரும்பு அதிகம். ராத்திரி வாளியில் பிடித்து வைத்த தண்ணீரின் அடியில் காலையில் செம்பழுப்பு வண்டல் படிந்திருந்தால், குளியலறைத் தரையில் துருக்கறை ஏறியிருந்தால், அந்த இரும்பு உங்கள் முடியிலும் இருக்கிறது. செம்புப் பானையில் வெந்நீர் போட்டுக் குளிக்கும் வீடுகளில் முடிக்குள் செம்பும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும்.

அதனால் என்ன கெடுதல்? முடியின் வெளிப்புறம் ஓட்டுக்கூரை மாதிரி, ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்த செதில்கள். அதற்குள்ளே கெரட்டின் புரதத்தால் ஆன நார்க்கட்டு. கருமை தரும் மெலனின் அந்த நார்களுக்கிடையில் துகள்துகளாக இருக்கிறது. ப்ளீச் பொடியில் இருக்கும் காரம் முடியை ஊதவைத்துச் செதில்களைத் தூக்கும். திறந்த வழியில் ஹைட்ரஜன் பெராக்சைடும் பொடியிலுள்ள பெர்சல்பேட் உப்புகளும் உள்ளே போய் மெலனினை உடைத்துக் கரைக்கும். அதே ஆக்சிஜனேற்றம், கெரட்டின் இழைகளை இறுக்கிப் பிடித்திருக்கும் கந்தகப் பாலங்களையும் அறுக்கிறது. மெலனின் முந்திக் கரையும், புரதம் சற்றுப் பிந்தி உடையும். இந்த இடைவெளிக்குள் வேலையை முடித்துவிட்டால் முடி பிழைக்கும்.

இரும்பும் செம்பும் இந்த இடைவெளியைத்தான் குறைக்கின்றன. இவை பட்டதும் பெராக்சைடு சிதைந்து ஹைட்ராக்சில் என்ற அணுக்குழு உண்டாகிறது. இதைவிட ஆவேசமாக வினைபுரியும் பொருட்கள் குறைவு. மெலனின், கெரட்டின் என்று பார்க்காமல் எதிரில் பட்டதை உடைக்கும். சூடும் கிளம்பும். கருப்பு மெஹந்தி என்று விற்கும் சில பொடிகளில் உலோக உப்புகள் கலந்திருப்பதால் அங்கேயும் இதே ஆபத்து.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். பின்கழுத்துப் பக்கம் வெளியே தெரியாத இடத்தில் பென்சில் தடிமனுக்கு ஒரு கற்றை வெட்டி எடுங்கள். பிளாஸ்டிக் கிண்ணத்தில் ஒரு டீஸ்பூன் பொடியும் இரண்டு டீஸ்பூன் டெவலப்பரும் (பொடியோடு கலக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசல்) கலந்து அதில் முக்கி வைத்து, அரை மணி நேரம் பக்கத்திலேயே இருங்கள். கிண்ணம் கையைச் சுடுகிறதா, ஆவி வருகிறதா, முடி பச்சையாகவோ கன்னங்கரேலென்றோ மாறுகிறதா? ஒன்று நடந்தாலும் தலையில் போட வேண்டாம். எதுவும் நடக்காவிட்டால் கற்றையைக் கழுவி, ஈரத்தோடு ஓர் இழையை இரண்டு விரலால் மெல்ல இழுத்துப் பாருங்கள். நல்ல இழை கொஞ்சம் நீண்டு, விட்டதும் பழைய நீளத்துக்கு வரும். பபிள்கம் மாதிரி நீண்டுகொண்டே போய் அறுந்தால், உங்கள் முடி இந்த வேலையைத் தாங்காது. ஸ்மூத்தனிங், ரீபாண்டிங் என்று ரசாயனத்தால் நேராக்கிய முடி பெரும்பாலும் இப்படித்தான் அறும். அதில் கந்தகப் பாலங்கள் ஏற்கெனவே ஒருமுறை உடைபட்டவை.

சோதனையில் தேறினாலும் இரண்டு மூன்று நாள் முன்னதாக, இடிடிஏ சேர்த்த கடினநீர் ஷாம்பு போட்டு ஒருமுறை அலசுங்கள். அது உலோக அயனிகளைப் பிடித்து இழுத்து வெளியேற்றும். கடைசி அலசலுக்கு மழைத்தண்ணீர் மிக நல்லது. இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டத்தில் ஒரு குடம் பிடித்து வைப்பது சிரமமில்லை. நாகர்கோவிலில் முக்கடல் அணைத் தண்ணீர் குழாயில் வரும் வீடுகளில் அதுவே போதும்.

டெவலப்பர் பாட்டிலில் 20 வால்யூம் என்று இருந்தால், ஒரு லிட்டர் கரைசல் முழுவதும் சிதைந்தால் ஏறக்குறைய 20 லிட்டர் ஆக்சிஜன் வரும் என்று பொருள். அது 6 சதவீதப் பெராக்சைடு. 30 வால்யூம் 9 சதவீதம், 40 வால்யூம் 12 சதவீதம். வீட்டில் 20-க்கு மேல் போகவே கூடாது. நம் கருமுடிக்கு அது போதாது என்று தோன்றும். 40 வால்யூம் மெலனினை வேகமாகக் கரைக்கும் என்பது உண்மைதான். ஆனால் கெரட்டினையும் அதே வேகத்தில் தாக்கும், தோலையும் புண்ணாக்கும்.

கிணற்றில் போடும் ப்ளீச்சிங் பவுடரைத் தலைக்கு நினைத்தே பார்க்காதீர்கள். அது ஹைப்போகுளோரைட், முடியையே கரைத்துவிடும். முகத்துக்குப் போடும் ப்ளீச் கிரீமும் தலைமுடிக்கானதல்ல.

தோள்வரை முடிக்கு 60 கிராம் பொடி, 120 மில்லி டெவலப்பர். பாதியை முதலில் கலந்து, தீர்ந்த பிறகு மீதியைக் கலக்குங்கள். இரும்பு, செம்புப் பாத்திரமோ கரண்டியோ வேண்டாம். கலந்த மீதியை மூடி வைத்தால் உள்ளே வாயு சேர்ந்து டப்பா வெடிக்கும். பொடியின் தூசி மூச்சுக்குழாயை இறுக்கும் என்பதால் ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். 48 மணி நேரம் முன்பு காதுக்குப் பின்னால் கலவையில் ஒரு துளி தடவிப் பார்த்திருக்க வேண்டும். அன்றும் முந்தின நாளும் தலைக்குக் குளிக்காதீர்கள், தோலில் ஊறிய எண்ணெய்ப்பசை ஒரு காப்பு.

வேரிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் விட்டு, நீளத்தில் முதலில் பூசுங்கள். வேரில் உடல்சூடு இருப்பதால் அங்கே வினை வேகமாக நடக்கும். முதலிலேயே பூசினால் வேர் மஞ்சளாகி நீளம் செம்பட்டையாகவே நின்றுவிடும். இருபது நிமிடம் கழித்து வேருக்கு வாருங்கள். சித்திரை வெயிலில் அறையே சுடும்போது வினை இன்னும் வேகமெடுக்கும். ஆகவே ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓர் இழையைத் துடைத்துப் பாருங்கள். முதலில் பூசிய நேரத்திலிருந்து மொத்தம் 45 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. தோல் எரிந்தால் கடிகாரம் பார்க்காமல் உடனே கழுவுங்கள். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் அலசிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

கருப்பு, கரும்பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று நிறம் இறங்கும். கருமுடியில் பெரும்பகுதி யூமெலனின், அது எளிதில் உடையும். செம்மை தரும் ஃபியோமெலனின் பிடிவாதமாகக் கடைசிவரை நிற்கும். அதனால் முதல் தடவையில் ஆரஞ்சில் நிற்பது இயல்பு. மிஞ்சிய நிறத்தைத் திருத்தும் சாயமான டோனரில், நீலம் ஆரஞ்சையும் ஊதா மஞ்சளையும் தணிக்கும். வெள்ளையாகும்வரை துரத்த வேண்டாம். கெரட்டினின் சொந்த நிறமே வெளிர்மஞ்சள்.

கழுவியபின் செதில்கள் திறந்தே கிடக்கும். பிஎச் 4 முதல் 5 வரை உள்ள, லேசான அமிலத்தன்மை கொண்ட கண்டிஷனர் அவற்றைப் படியவைக்கும். ஈரமுடியைப் பேன்சீப்பால் இழுக்காதீர்கள். அடுத்தடுத்த குளியல்களுக்கு முந்தின இரவு தேங்காய் எண்ணெய் தேய்த்து வையுங்கள். தேங்காய் எண்ணெயின் லாரிக் அமிலம் இழைக்குள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கிறது என்று 2003-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதில் சூரியகாந்தி எண்ணெய்க்கும் மினரல் ஆயிலுக்கும் அந்தப் பலன் கிடைக்கவில்லை. முட்டத்திலோ சொத்தவிளையிலோ கடலில் இறங்குவதை இரண்டு வாரம் தள்ளிப்போடுங்கள். மறுபடி வெளுக்க நான்கு வாரமாவது பொறுங்கள். அப்போதும் பழைய பகுதியைத் தொடாமல், மாதம் ஒரு சென்டிமீட்டர் வீதம் புதிதாக வளர்ந்த வேரில் மட்டும் பூசுங்கள்.