மூன்று பேரிடம் கேட்டால் போதுமா?

இறுதியாண்டு மாணவர்களின் ஆய்வேடுகளில் ஒரு வரி தவறாமல் வந்துவிடும்: "தரவுகளின் நம்பகத்தன்மையை உறுதிப்படுத்த முக்கோணமாக்கல் பயன்படுத்தப்பட்டது." ஒரே விஷயத்தை ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் பார்த்து ஒப்பிடுவதுதான் முக்கோணமாக்கல் (triangulation). சரி, எதை எதோடு வைத்துப் பார்த்தீர்கள், எங்கே ஒத்துப்போனது, எங்கே இடித்தது என்று கேட்டால் பதில் வராது. பதினைந்து பேரிடம் நேர்காணல் செய்தோம், எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள் என்பார்கள். அந்தப் பதினைந்து பேரும் எப்படிக் கிடைத்தார்கள் என்று போன மாதம் ஒரு பிள்ளையிடம் விசாரித்தேன். கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு கடை முதலாளி தன்னிடம் மூட்டை தூக்கும் ஒரு நாட்டாமியைக் காட்டியிருக்கிறார், அவர் தன் கூட்டாளிகளைக் காட்டியிருக்கிறார். ஒரே தெருவில், ஒரே முதலாளியிடம், ஒன்றாகத் தேநீர் குடிக்கும் பதினைந்து பேர். அவர்கள் ஒன்றையே சொன்னதில் வியப்பில்லை.

முக்கோணமாக்கல் என்ற சொல் நில அளவையிலிருந்து வந்தது. வில்லியம் லாம்டன் 1802இல் சென்னைப் பரங்கிமலைக்குப் பக்கத்தில் ஒரு நேர்கோட்டை அளந்து, அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள இடங்களைக் கோணம் பிடித்துத்தான் இந்தியாவின் பெரும் முக்கோண அளவையைத் தொடங்கினார். அளவைக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று உண்டு. நிற்கும் இரண்டு இடங்களும் மிக நெருங்கியிருந்தால், கோணத்தில் விழும் சின்னப் பிழைகூடத் தூரத்தில் பெரிய பிழையாகிவிடும். ஆகவே ஒன்றுக்கொன்று தள்ளியுள்ள இடங்களில் நின்று பார்க்க வேண்டும். சமூகவியலாளர் நோர்மன் டென்சின் 1970இல் சமூக ஆய்வின் முக்கோணமாக்கலை, எதை மாற்றிப் பார்க்கிறோம் என்பதை வைத்து நான்காகப் பிரித்தார்: தரவு, ஆய்வாளர், கோட்பாடு, முறை. நம் மாணவர்கள் இந்த நான்கின் பெயரையும் ஒப்பிப்பார்கள். தள்ளி நிற்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

நானும் மறந்திருக்கிறேன். 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். முந்தைய ஆண்டு நூறு ரூபாய்க்கு வாங்கிய சாமானுக்கு ஏறத்தாழ இருநூறு ரூபாய் கொடுக்க வேண்டிய காலம். அப்போது முகத்துவாரம் பக்கம் ஒரு தோட்டத்தில், வீடுகளில் சாப்பாடு எப்படி மாறியிருக்கிறது என்று பார்க்கப் போனோம். (கொழும்பில் தோட்டம் என்றால் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள்தான்.) எட்டுப் பெண்கள் குழுக் கலந்துரையாடலுக்கு வந்தார்கள். "மூணு வேளையும் சமைக்கிறோம் மிஸ், சமாளிக்கிறோம்" என்றார்கள். பிறகு நான்கு பேரைத் தனித்தனியாக வீட்டில் வைத்துக் கேட்டோம். அதே பதில். கலந்துரையாடலும் நேர்காணலும் ஒத்துப்போகின்றன, இரண்டு முறைகளால் உறுதியாயிற்று என்று வரைவறிக்கையில் எழுதிவிட்டேன். தனியாக என்று சொன்னேனே, ஒரு பலகைச் சுவருக்கு அப்பால் மாமியார் படுத்திருந்தார். பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்றார். இடம்தான் மாறியது, கேட்டுக்கொண்டிருந்த காதுகள் மாறவில்லை.

உண்மையைக் காட்டியது ஒரு கடன் கொப்பி. அந்த நால்வரில் ஒருவர், கடைக்காரர் போட்ட கணக்கு சரியா என்று கூட்டிப் பார்க்கச் சொல்லித் தன் கொப்பியை என்னிடம் தந்தார். மார்ச் பக்கத்தில் பருப்பு ஒரு கிலோ, முட்டை 10, 400 கிராம் பால்மா ஒரு பக்கெட். ஆகஸ்ட் பக்கத்தில் பருப்பு 100 கிராம், தேங்காய் பாதி, முட்டை 1. பால்மா என்ற சொல்லே இல்லை. வீட்டில் ஐந்து பேர். முட்டை யாருக்கு என்று கேட்டேன். சின்னவனுக்கு என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சமைக்கிறோம்னுதானே சொன்னேன் மிஸ், நான் சாப்பிடுறேன்னு சொல்லலையே" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. "வீட்டில் எத்தனை வேளை சமைப்பீர்கள்" என்று நாங்கள் கேட்டோம், அதற்கு அவர் சரியாகவே பதில் சொன்னார். பிழை கேள்வியில் இருந்தது, அதைக் காட்ட வேறொரு வகைச் சான்று தேவைப்பட்டது. அப்புறம் கேள்வியை மாற்றினோம்: நேற்று இரவு இந்த வீட்டில் யார் யார் சாப்பிட்டார்கள், யார் கடைசியாக? சம்பளம் வந்த வாரத்தில் ஒரு முறை, கையில் காசு தீர்ந்த வாரத்தில் ஒரு முறை கேட்டோம். ஒரே ஆளிடம் வேறு வேறு நாளில் கேட்பதும் தரவு முக்கோணமாக்கல்தான். நாட்கூலியை நம்பியிருக்கும் வீடுகளில் அதை விட்டுவிட்டால் பாதிக் கதை போய்விடும்.

எனவே முரண்பாடு வந்தால் பயப்படாதீர்கள், அதை மூடி மறைக்கவும் செய்யாதீர்கள். இரண்டு சான்றுகள் ஒத்துப்போகாத இடத்தில்தான் நமக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. ஆனால் இது புலன்விசாரணை ஆகிவிடக் கூடாது. மனைவி சொன்னதைக் கணவனிடம் போய்ச் சரிபார்ப்பதும், வீட்டார் அனுமதி இல்லாமல் கடைக்காரரின் பேரேட்டைப் புரட்டுவதும் ஆய்வல்ல, துரோகம். கொப்பியை அவரே தந்திருந்தாலும், அதைத் தரவாக எடுக்கலாமா என்று தனியாகக் கேட்டு ஒப்புதல் வாங்கிக்கொண்டேன்.

கொழும்பில் வேலை செய்கிறவர்களுக்கு மொழி இன்னொரு சிக்கல். நேர்காணல் தமிழில், எழுத்துப் பிரதி ஆங்கிலத்தில், பிரதியைப் படித்து ஒவ்வொரு பகுதியையும் ஒரு தலைப்பின் கீழ் வகைப்படுத்திக் குறியிடுகிறவருக்குப் பெரும்பாலும் தமிழ் தெரியாது. "சமாளிக்கிறோம்" என்பதை மொழிபெயர்ப்பில் படித்த சக ஆய்வாளர், தாக்குப்பிடிக்கும் திறன் என்ற தலைப்பின் கீழ் போட்டிருந்தார். ஒலிப்பதிவைக் கேட்ட எனக்கோ, இதற்கு மேல் கேட்காதே என்று கதவைச் சாத்தும் சொல்லாக அது பட்டது. இரண்டு பேரும் ஒரே பிரதியைப் படித்துக் குறியிட்டிருந்தால் நூற்றுக்கு நூறு உடன்பாடு வந்திருக்கும், இருவரும் சேர்ந்தே தவறியிருப்போம். ஆய்வாளர் முக்கோணமாக்கல் என்றால் ஒருவராவது மூலமொழியில் காதால் கேட்டவராக இருக்க வேண்டும். அந்தச் சொல் வந்த பதினொரு இடங்களையும் திரும்பக் கேட்டோம். சிலவற்றில் அந்தச் சக ஆய்வாளர் சொன்னதே சரி.

கோட்பாட்டு முக்கோணமாக்கலை இளநிலை ஆய்வில் வற்புறுத்த மாட்டேன். ஒரு கோட்பாட்டை ஒழுங்காகப் புரிந்துகொள்ளவே அந்த ஓராண்டு பற்றாது.

வரைவறிக்கையைத் திருத்திய பிறகு கொப்பியைத் தந்த அந்தப் பெண்ணிடம் மறுபடி போனேன். பங்கேற்றவரிடமே முடிவை வாசித்துக் காட்டுவதை ஆய்வு முறைகளைப் பற்றி எழுதிய லிங்கனும் கூபாவும் 1985இலேயே வலியுறுத்தினார்கள். இங்கே பெரும்பாலோர் நேரமில்லை என்று விட்டுவிடுகிறார்கள். அவருடைய பகுதியைத் தமிழில் வாசித்தேன். "பட்டினி" என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். "அந்தச் சொல்லை எடுத்துடுங்க மிஸ். நான் பட்டினி கிடக்கல. பிள்ளைகளுக்குக் கொடுத்தேன்." இரவுச் சாப்பாட்டை அவர் விட்டது உண்மை, அந்தக் கண்டறிதலை மாற்ற முடியாது. சொல்லை மாற்றினேன். பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தாய் ஒரு வேளையை விடுகிறார் என்று அறிக்கையில் இருக்கிறது. அதே வரியில், தன் செயலுக்கு அவர் வைத்த பெயரும் நாங்கள் முதலில் வைத்த பெயரும் வேறு என்பதையும் எழுதியிருக்கிறேன்.